வடை தின்ற மீன்கள்

“வணக்கம். உங்கள் மீன்கள் வடை சாப்பிட்டிருக்கின்றன” என்றார் நாரதர்.

மொட்டை மாடியில், காலை வெயிலில், முழங்கை வரை நனைந்து, கையில் துள்ளும் ஒரு ஜிலேபி மீனோடு நின்றுகொண்டிருந்தேன். என் ஐம்பத்துச் சொச்ச வயதில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை.

“என்ன வடை?” என்றேன். அதிர்ச்சியில் மனுஷிக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

“உளுந்து வடை. மிளகு கூடக் குடலில் இருக்கிறது. கொழுப்பில் சூரியகாந்தி எண்ணெய் அதிகம், கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் கொஞ்சம். ஒரே வீட்டு வாணலி என்று தோன்றவில்லை. ஒமேகா ஆறு ஏறியிருக்கிறது, ஒமேகா மூன்று இறங்கியிருக்கிறது. விளக்கு மஞ்சள்.”

நாரதர் என்பது டார்ச் லைட் அளவில் ஒரு கருவி. மீனின் விலாவில் வைத்தால் அதன் கொழுப்பைப் படித்து, கடந்த சில வாரங்களில் அது என்னென்ன தின்றது என்று செய்தி வாசிப்பவர் குரலில் ஒப்பித்துவிடும். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. வீட்டுக்கு வீடு கோள் மூட்டுகிற வேலையைப் பார்ப்பதால் எங்கள் குடியிருப்பில் அதற்கு நாரதர் என்று பெயர் வந்துவிட்டது.

கடலுக்கு அரசாங்கம் விடுமுறை கொடுத்த பிறகு வந்த ஏற்பாடு இது. பிடித்துப் பிடித்துக் கடலில் மீனே இல்லாமல் போனதால், கொஞ்ச வருடங்களுக்கு யாரும் வலை போடக் கூடாது, அடுக்ககத்துக்கு ஒரு தொட்டி வைத்து அவரவர் மீனை அவரவரே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பின் பெயர் அலைகடல். இருப்பது மடிப்பாக்கத்தில். அலையும் கிடையாது, கடலும் கிடையாது, மாடியில் ஒரு தொட்டிதான் உண்டு. உயிர்வேதியியல் படித்த பாவத்துக்கு அந்தத் தொட்டியை என் தலையில் கட்டினார்கள்.

வழுக்கிக்கொண்டிருந்த மீனைத் தண்ணீரில் விட்டேன். தொட்டியின் மூலையிலிருந்து கிழிசல் என்னைப் பார்த்தது. வால் பாதி கிழிந்த பழைய மீன் அது. தொட்டி கட்டிய நாளிலிருந்து இருக்கிறது, எவர் வலையிலும் சிக்கியதில்லை. அதன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்த மாதிரி இருந்தது.

கீழே போய், தோசை தின்றுகொண்டிருந்த என் கணவன் கிஷோரிடம் சொன்னேன்.

“மறுபடியும் உளற ஆரம்பிச்சிடுச்சா?” என்றான். “போன வருஷம் பால்னு சொல்லுச்சே, அந்த மாதிரி.”

அதுவும் உண்மைதான். கருவி வந்த புதிதில் ஒருநாள், “மீன்கள் பால் குடித்திருக்கின்றன, வகை தெரியவில்லை” என்றது. பசுவா? இல்லை. எருமையா? இல்லை. ஆடா, ஒட்டகமா? அதுவும் இல்லை. இரண்டாம் மாடியில் ஒட்டகப் பால் டயட் எடுத்த ஒருவரைக் கொஞ்ச நாள் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தோம். கடைசியில் கம்பெனி ஆள் வந்து உள்ளே எதையோ மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பாலும் நின்றுபோனது.

“இது உளறல் இல்ல கிஷோர். மிளகு தெரியுதாம். நீ ஏதாவது போட்டியா?”

“நானா? வடைய மீனுக்குப் போடற ஆளா நான்?”

நியாயமான கேள்வி. வடை விஷயத்தில் அவனுக்குத் தர்ம சிந்தனை கிடையாது.

“சரி, வடைதான தின்னுச்சு. அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கற?”

“மீனு ஒமேகா மூணைச் சும்மா பேருக்குத்தான் தானா செய்யும். நெஜமாச் செய்யறது பாசி. பாசியப் பூச்சி திங்குது, பூச்சியச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். அப்படியே கை மாறி நம்ம தட்டுக்கு வருது. பாசி உருண்டை போட்டா மீன்ல மூணு ஏறும். எண்ணெய்ப் பலகாரம் போட்டா ஆறு ஏறும்.”

“மூணை விட ஆறு பெரிசுதான?”

“ரெண்டுமே வேணும்டா. ஆனா உடம்புல ரெண்டுக்கும் ஒரே வாசல். ஆறு கும்பலா வந்து நின்னா மூணு வெளியவே நிக்க வேண்டியதுதான். மூளை, கண்ணு எல்லாம் கட்டறதுக்கு மூணு உள்ள போகணும். புரிஞ்சுக்கோ, கொழுப்பு எங்கயும் போகாது. ஆள்தான் மாறும்.”

“உன் கொழுப்பு மட்டும் ஆளே மாற மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த தோசைக்குப் போனான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் மாடி நிறைமதியின் ஞாபகம் வந்துவிட்டது.

நிறைமதிக்கு அப்போது ஆறாவது மாதம். புருஷன் லடாக்கில் சூரியப் பண்ணையில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவான். முதல் குழந்தை போன வருடம் ஏழாவது மாதத்திலேயே பிறந்து, ஒரு நாள் கூட இருக்கவில்லை. இந்த முறை டாக்டர், உடம்பில் ஒமேகா மூன்று குறையாமல் பார்த்துக்கொண்டால் பிள்ளை முழு மாதமும் தங்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, பாசி எண்ணெய் மாத்திரை கொடுத்திருந்தார். நிறைமதிக்கோ அந்த மாத்திரை தொண்டையில் இறங்கின மறு நிமிடம் வாந்தி. கடைகளில் விற்கிற பண்ணை மீனும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தொட்டி மீனில் வைத்த குழம்பு மட்டும்தான் வயிற்றில் தங்கியது. புதனும் ஞாயிறும் பிடிக்கிற மீனில் முதல் மீன் அவளுக்கு என்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தது. எங்கள் சங்கம் சண்டையில்லாமல் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

இப்போது விளக்கு மஞ்சள். இன்னும் கொஞ்சம் போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் மீன்வளத் துறை ஆட்கள் தொட்டியை மூடி, மீனையெல்லாம் அள்ளி உரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள்?

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டேன். தலைவர் பிரசன்னா சார், விமான நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லோரையும் தரையிறக்குகிற தொனியில்தான் பேசுவார். தொட்டிக்கு மேலே ‘பாசி உருண்டை தவிர வேறு எதையும் போடாதீர்கள்’ என்று பலகை மாட்டியவர் அவர்தான்.

“யாராருந்தாலும் ஒத்துக்குங்க” என்றார். “ஒரு புள்ளத்தாச்சியோட சாப்பாட்டுல கை வைக்கறீங்க. மனசாட்சி வேணாமா?”

எல்லோரும் மற்ற எல்லோரையும் பார்த்தார்கள். ஷெரின் டீச்சர், “எங்க வீட்ல வடையே சுடறதில்லப்பா” என்றார். முதல் மாடியின் இரண்டு வீடுகளில் இரண்டு சகோதரர்கள், நிரஞ்சனும் நித்தினும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் “எங்க வீட்ல இல்ல” என்று சொன்னவுடன் மற்றவர் சுவரைப் பார்த்து, “இங்கயும் இல்லைன்னு சொல்லுங்க மேடம்” என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த நிறைமதி வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாரதரைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

“யார் என்று எனக்குத் தெரியாது. எப்போது என்று ஓரளவு தெரியும்” என்றார். “தினமும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை, மொத்தமாக. அன்று மட்டும் பெரிய விருந்து.”

மாதத்துக்கு ஒருமுறை. சமையலறையில் மாட்டியிருந்த காலண்டரை எட்டிப் பார்த்தேன். எனக்கு உறைத்தது. அமாவாசை.

இங்கே காகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள குப்பையெல்லாம் குழாய் வழியாகப் பூமிக்குள் போகிற ஏற்பாடு வந்த பிறகு, தெருவில் ஒரு பருக்கை கூடக் கிடப்பதில்லை. பருக்கை இல்லாத ஊரில் காகத்துக்கு என்ன வேலை? மூட்டை கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நகரம் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். அமாவாசை அன்று படையல் சாதத்தோடு மாடிக்கு வந்து, வெறும் வானத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பதால் நானும் யோசிக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு லீவு போட்டேன். உச்சி வெயிலுக்கு முன்பே மாடிக்குப் போய், சூரியத் தகடுகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஒளிந்துகொண்டேன்.

முதலில் வந்தவரைப் பார்த்து ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன். பிரசன்னா சார். ஈர வேட்டி, கையில் வாழையிலைத் துண்டு. அதில் சாதம், பருப்பு, நெய், மேலே இரண்டு வடை. நாலா பக்கமும் பார்த்தார். பிறகு தாமே மாட்டிய பலகைக்கு நேர் கீழே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

“கா... கா...”

தண்ணீர் கொதித்தது போல் ஆனது. தொட்டியிலிருந்த அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்தன. முதல் ஆளாகக் கிழிசல்.

“அப்பா, சாப்பிடுங்க” என்று சாதத்தைப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஸ்வேதா, இது உனக்கு. மொளகு தூக்கலா போட்ருக்கேன். உப்புதான் எப்பவும் போல மறந்துட்டேன்” என்று வடையைப் பிட்டுப் போட்டார். ஸ்வேதா அவர் மனைவி, போய் நாலைந்து வருடம் இருக்கும். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு வடையை மீன் தின்று முடிக்கும் வரை கைகட்டி நின்றதைப் பார்த்தேன். எனக்கு வெளியே வர மனம் வரவில்லை.

அவர் போன சூட்டோடு நிரஞ்சன் வந்தார். “கா கா, அப்பா, வாங்க.” அவர் இறங்கிப் போனதை உறுதி செய்துகொண்டு நித்தின் வந்தார். “அவன் போட்டதைத் தின்னுருப்பீங்க. பரவால்ல. இது நல்லெண்ணெய்ல சுட்டது, நெஞ்சைக் கரிக்காது.” ஒரே அப்பாவுக்கு இரண்டு எண்ணெய்! அடுத்து, வடையே சுடாத வீட்டிலிருந்து ஷெரின் டீச்சர், டிஷ்யூ தாளில் சுற்றி வடை கொண்டுவந்தார். அவருக்குக் கா கா என்று கூப்பிடக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாக, “மாமா, கா...” என்றார். மீன்களுக்கு மத பேதம் கிடையாது, அதே வேகத்தில் வந்தன.

கடைசியாக வந்தவன் கிஷோர். கையில் இரண்டு வடை. ஒன்றை அவனே தின்றுகொண்டிருந்தான்.

“கா கா. அத்தை, வாங்க. உங்க பொண்ணு இன்னிக்கு எங்கயோ போயிருக்கா. அவளுக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நல்லா இருக்கா. பிபி மட்டும் கொஞ்சம் கூட.”

என் அம்மாவுக்கு, மாதா மாதம், எனக்குத் தெரியாமல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். தகடுகளுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வெளியே வந்தேன்.

“கிஷோர்!”

பாதி வடை அவன் வாயிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. அதையும் கிழிசல்தான் பிடித்தது.

அரை மணி நேரத்தில் மொத்தக் குடியிருப்பும் மாடியில் நின்றது. ஒருவர் விடாமல் அகப்பட்டுக்கொண்டார்கள். அதைவிட வேடிக்கை, மற்றவர்களும் போடுகிறார்கள் என்பது யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

“நான் ஒருத்திதான் போடறேன்னு நெனச்சேன்” என்றார் ஷெரின் டீச்சர். “ஒரே ஒரு வடைதானேன்னு...”

“எல்லாரும் ஒரே ஒரு வடைதான்” என்றேன். “மீனுக்கு அது தீபாவளி. இந்த மாசம் விளக்கு சிவப்பாப் போச்சுன்னா நிறைமதிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

பிரசன்னா சார் தலை குனிந்தார். “போன தை அமாவாசைல சும்மா நின்னு கூப்பிட்டுட்டு இருந்தேன்மா. எந்தக் காக்காவும் வரல. இந்த வால் கிழிஞ்சது மட்டும் மேல வந்து வாயப் பொளந்துச்சு. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. பசியோட வந்த மாதிரி இருந்துச்சு.”

இதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இனி வடை கிடையாது என்று முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் ஷெரின் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

“அப்ப... ஞாயித்துக்கிழமை நான் வச்ச குழம்புல இருந்தது யாரு?”

எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

நிரஞ்சன் மெல்ல வயிற்றைத் தடவினார். நித்தினும் தடவினார். பிரசன்னா சார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “ஆண்டவா” என்றார். “போன வாரம் வறுவல் சாப்பிட்டேனே. நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவை வேற வாங்கிச் சாப்பிட்டேனே!”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மீனுக்குள் இருப்பது கொழுப்பும் புரதமும்தான், மாமனார் இல்லை என்றேன். எடுபடவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் உயிர்வேதியியலை யாரும் மதிப்பதில்லை. அங்கேயே, நின்ற இடத்திலேயே தீர்மானம் போட்டார்கள். இனி தொட்டி மீனை யாரும் தொடக் கூடாது. என் புருஷன் உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். வடையை நிறுத்தப் போன நான் மீனையே நிறுத்திவிட்டு நின்றேன்.

புதன்கிழமை வந்தது. காலையில் கையில் கிண்ணத்தோடு நிறைமதி மாடிக்கு வந்துவிட்டாள். அவள் வருகிறாள் என்று தெரிந்து மற்றவர்களும் மேலே வந்து தள்ளி நின்றார்கள்.

“எனக்கு மீன் வேணும் சார்” என்றாள்.

“கடை மீனு வாங்கித் தரோம்மா, என்ன வெலையானாலும்” என்றார் பிரசன்னா சார். “இது... உனக்கே தெரியும். எங்க ஆளுங்க இதுல இருக்காங்க.”

“தெரியும் சார். அதனாலதான் கேக்கறேன். உங்க ஆளுங்க உயிரோட இருந்திருந்தா, புள்ளத்தாச்சி வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிருப்பாங்களா?”

பிரசன்னா சார் வலையை எடுத்தார்.

“ஸ்வேதா இருந்திருந்தா இவ்ளோ நேரம் பேசவே விட்ருக்க மாட்டா” என்றார். “மொதல் மீனை அவளே புடிச்சு, ஆஞ்சு, மசாலாவும் தடவிக் குடுத்துருப்பா. எதும்மா வேணும்?”

“அந்த வால் கிழிஞ்சது.”

“அது வேணாம் நிறை” என்று நான் குறுக்கே போனேன். “வயசான மீன். சதை ரப்பர் மாதிரி இருக்கும். குட்டி மீனா எடுத்துக்கோ.”

“அதுதான் வேணும் ஆன்ட்டி.”

பிள்ளைத்தாச்சியின் ஆசை, யார் என்ன சொல்ல முடியும்? பிரசன்னா சார் வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, “கா... கா...” என்றார். எத்தனையோ பேருக்குத் தண்ணி காட்டிய கிழிசல், நேராக வந்து வலைக்குள் நின்றது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வா” என்றார். யாரிடம் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கதையே தலைகீழாகிவிட்டது. அவரவர் ஆளை அனுப்பி வைப்பதில் போட்டி. “இந்த வாரம் எங்க மாமனார் போகட்டும்” என்பார் ஷெரின் டீச்சர். அப்பா யார் வீட்டு முறையில் போக வேண்டும் என்று நிரஞ்சனும் நித்தினும் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். கடைசியில் இருவரும் சேர்ந்தே வலையைப் பிடித்தார்கள்.

அமாவாசையை நிறுத்த முடியாது என்று எனக்கும் புரிந்துவிட்டது. ஆகவே வடையை மாற்றினேன். உளுந்தோடு ஆளி விதை மாவும் பாசிப் பொடியும் சேர்த்து, எண்ணெயில் போடாமல் இட்லித் தட்டில் வேகவைத்த பச்சை வடை. கிஷோர் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, “போனவங்க மேல உனக்கு என்ன கோவம்?” என்று கேட்டான். மீன்கள் ஒன்றும் சொல்லாமல் தின்றன.

அடுத்த மாதம் விளக்கு பச்சைக்கு வந்தது. அதற்கடுத்த மாதம் நாரதரே வியந்தார். “ஒமேகா மூன்று, நீங்கள் போடும் தீனிக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கிறது. காரணம் தெரியவில்லை.”

“எனக்குத் தெரியும்” என்றேன். பச்சை வடைதான், வேறென்ன? பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து செய்முறை கேட்டு வந்தார்கள். ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினேன். பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

நிறைமதிக்கு ஏழாவது மாதம் தாண்டிய அன்று யாரும் எதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் பாயச வாசனை வந்தது. எட்டு தாண்டியது, ஒன்பது தாண்டியது. பிள்ளை முழு மாதமும் இருந்து பிறந்தது. பெண் குழந்தை, கொழுகொழுவென்று. பிரசன்னா சார் தொட்டில் பக்கத்தில் நின்று அவளைக் கொஞ்சுவதற்கு வார்த்தை தேடித் தேடி, பழக்க தோஷத்தில் “கா... கா...” என்றார். அவள் வாயைத் திறந்தாள். சார் அன்று முழுவதும் கீழே இறங்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து நாரதரை எடுத்துக்கொண்டு நிறைமதி வீட்டுக்குப் போனேன். தொட்டி மீன் சாப்பிட்ட தாயின் பாலில் எவ்வளவு ஒமேகா மூன்று இருக்கிறது என்று பார்த்துத் துறைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு ஸ்பூன் பாலில் கருவியின் நுனியை வைத்தேன். வீட்டில் நாங்கள் இருவரும் குழந்தையும் மட்டும்தான்.

“வணக்கம். அருமையான பால்” என்றார் நாரதர். “இந்தப் பாலை எனக்கு ஏற்கெனவே தெரியும்.”

“என்னது?”

“சென்ற ஆண்டு மாடித் தொட்டி மீன்களில் பார்த்தேன். அப்போது வகை தெரியவில்லை என்று சொன்னேன். என்னைப் பழுது பார்த்தீர்கள். நான் பழுதாகவில்லை.”

நான் நிறைமதியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவ போனதுக்கப்புறம் பால் கட்டிக்கிச்சு ஆன்ட்டி” என்றாள். “குடிக்க ஆள் இல்லைன்னு அதுக்குத் தெரியுமா? வந்துட்டே இருந்துச்சு. பீச்சி எடுத்து சிங்க்ல ஊத்தப் போவேன், கை வராது. ஒரு நாள் மாடிக்கு எடுத்துட்டுப் போனேன். தொட்டி ஓரத்துல நின்னு, அவளுக்கு நான் வச்சிருந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த வால் கிழிஞ்சது வந்துச்சு. பால் நிக்கற வரைக்கும் தினம் போனேன். தினம் அதுதான் மொதல்ல வரும்.”

பசுவா, ஒட்டகமா என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

“எல்லாரும் எங்கப்பா இருக்காரு, சாப்பிட மாட்டேன்னாங்க. நான் மட்டும் தெரிஞ்சேதான் சாப்பிட்டேன். அவ திரும்ப வரட்டும்னு.”

எனக்குள் ஏதோ பொறி தட்டியது. “நிறை, அந்த மாத்திரை... வாந்தி...”

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். மாட்டிக்கொண்ட சிரிப்பு.

“வாந்தியே வரல ஆன்ட்டி. மாத்திரை ஒத்துக்கிச்சுன்னா எனக்கு யாரு தொட்டி மீன் குடுப்பீங்க? டாக்டர் மாசா மாசம் டப்பா டப்பாவாக் குடுத்தாங்க. வேஸ்ட் பண்ண வேணாம்னு சாயங்காலம் நடக்கப் போறப்ப எல்லாத்தையும் உடைச்சு மீனுக்கு ஊத்திட்டேன்.”

பச்சை வடை, மைக், பொன்னாடை எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து போயின.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள். பிறகு, குழந்தையை என் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்டாள். “நீங்க படிச்சவங்க. சொல்லுங்க ஆன்ட்டி. நான் அன்னிக்கு ஊத்துன பால், அந்த மீன்ல இருந்திருக்கும்ல? அதுலருந்து எனக்கு வந்து, இவளுக்குப் போயிருக்கும்ல?”

ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. மீன் தன் கொழுப்பை எரித்துக்கொண்டே, புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாலில் ஒரு துளி கூட மிச்சமிருக்க வழியில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். கிஷோரிடம் பாடம் எடுத்த வாய்தானே, எப்போதும் போலத் திறந்துகொண்டது.

எனக்கு முன்னால் நாரதர் ஆரம்பித்துவிட்டார். “மீனின் கொழுப்பு பொதுவாக மூன்று மாதங்களில்...”

பொத்தானை அழுத்தி அணைத்து, கைப்பையின் அடியில் திணித்தேன்.

“இருந்திருக்கும்டி” என்றேன். “கொழுப்பு எங்கயும் போகாது.”

குழந்தை வாயைத் திறந்தது. நிறைமதி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.